கலியாணத்துக்கு முன் ஒரு சொட்டு இரத்தம்: தலசீமியா வரலாறும் நாமும்

மன்னாரிலிருந்து தலைமன்னார் போகும் புகையிரதப் பாதையில் மன்னார் நிலையத்தைத் தாண்டினால் வருவது தோட்டவெளி. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கரின் நினைவாலயம் அங்கே இருப்பதால் ஊரின் பெயர் பலருக்கும் தெரியும். அதற்குக் கிட்டத்தான் தாராபுரம், எருக்கலம்பிட்டி என்று நம்மவர்களின் ஊர்களும் இருக்கின்றன. அந்தத் தரிப்பிடத்தில் ஒரு நாள் ஒரு உம்மாவும் அவருடைய மகளும் ரயிலை விட்டு இறங்கினார்கள். பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரத்தம் ஏற்றிவிட்டு வருகிறார்கள்.

பேச்சு வாக்கில் அந்த உம்மா பிள்ளையைச் சற்றுத் தள்ளி அனுப்பிவிட்டுக் கேட்டார்: “நானா, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்க வாணாம். இவ பெரிய பிள்ளையாவாளா? நாளைக்கு ஒருத்தன்ட கையில பிடிச்சுக் குடுத்தா, இவளுக்கு ஒரு பிள்ளை குட்டி தங்குமா? டொக்டர்ட்ட கேக்க வெக்கமா இருக்கு. ஊர்ல கேக்கப் பயமா இருக்கு.”

இந்தக் கேள்விக்கு வைத்தியத்தில் விடை உண்டு. ஆனால் ஊரில் கேட்கப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னாரே, அதற்கு வைத்தியரிடம் விடை இல்லை. அதற்கான விடை நம்மிடம்தான் இருக்க வேண்டும். இரண்டையும் விளங்கிக்கொள்ள இந்நோயின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடலின் பெயர் கொண்ட நோய்

1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தோமஸ் கூலி என்ற சிறுபிள்ளை வைத்தியர் ஒரு வகை இரத்தச்சோகையைப் பற்றி எழுதினார். பிள்ளை பிறக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். சில மாதங்களில் வெளிறத் தொடங்கும். வயிறு உப்பும், மண்ணீரல் பெருக்கும், முக எலும்புகள் புடைக்கும். அவர் கண்ட பிள்ளைகளின் குடும்பங்கள் மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து குடியேறியவை. அதனால் 1930களில் கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் ‘தலஸ்ஸா’ என்ற சொல்லிலிருந்து தலசீமியா என்ற பெயர் வந்தது.

ஆனால் அது ஒரு கடலுக்கு மட்டும் உரிய நோயல்ல என்பது பின்னர் தெரிந்தது. மத்தியதரைக் கடலிலிருந்து அரபு நாடுகள், ஈரான், இந்தியா, இலங்கை, மாலைதீவு, தாய்லாந்து வரை ஒரு பட்டியாக அது பரவியிருக்கிறது. 1949இல் ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்ற விஞ்ஞானி அதற்கு ஒரு காரணம் சொன்னார். அந்தப் பட்டி மலேரியா வாட்டிய நிலம். தலசீமியாவின் பரம்பரை அலகை ஒரு பக்கத்தால் மட்டும் பெற்றவர், அதாவது ‘காவி’, நோயாளியல்ல. அவரை மலேரியா எளிதில் கொல்லாது. ஆகவே மலேரியா நிலங்களில் காவிகள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்த அலகு பெருகியது. பின்னர் வந்த ஆய்வுகள் இக்கருத்துக்குப் பலம் சேர்த்தன.

நமது நாட்டுக்கு மலேரியா புதிதல்ல. 1934-35இல் வந்த கொள்ளைக் காய்ச்சலில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். குருநாகல், கேகாலைப் பகுதிகள் மிக மோசமாக அடிபட்டன. உலர் வலயத்தில் அது தலைமுறை தலைமுறையாகவே இருந்து வந்தது. உள்நாட்டிலேயே தொடர்ந்து பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது. அதற்கு எதிராக உடம்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டிய அரண் மட்டும் இரத்தத்தில் மிச்சமாக இருக்கிறது.

அந்த அரண் எந்தச் சமூகத்துக்கும் தனிச் சொத்தல்ல. இந்தியாவில் மிகக் கூடுதலாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றமே இலங்கையிலும் மிகக் கூடுதலாகக் காணப்படும் இரண்டில் ஒன்று. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாரிடமும் அது உண்டு. இலங்கையில் நூறு பேரில் சுமார் இரண்டு பேர் பீட்டா தலசீமியாக் காவிகள். நமது அயல் முஸ்லிம் நாடான மாலைதீவில் ஐந்து, ஆறு பேரில் ஒருவர் காவி. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. மன்னார் போன்ற கடற்கரையில், அரபு வணிகர் வந்து இறங்கிய துறைகளுக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் வாழும் நாம், நம் இரத்தம் தனி இரத்தம் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

பாதை மூடிய காலம்

தலைமன்னார் ரயில் பாதை 1914இல் திறக்கப்பட்டது. மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, குருநாகல் வழியாக அது கொழும்புக்குப் போனது. 1990இல் யுத்தத்தால் அந்தப் பாதை மூடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் நம்மவர்கள் வள்ளங்களில் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். அகதிமுகாம் வாழ்வில் எத்தனையோ கஷ்டங்கள் இருந்தன, அவை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் எழுதப்படாத ஒன்று, முகாமில் நாட்பட்ட நோயுள்ள பிள்ளையை வளர்ப்பது.

புத்தளம் வடமேல் மாகாணத்தைச் சேர்ந்தது. அம்மாகாணத்தின் தலைநகர் குருநாகல். நாட்டின் தேசிய தலசீமியா நிலையம் குருநாகல் போதனா வைத்தியசாலையிலேயே இருக்கிறது. பழைய மலேரியா நிலத்தின் நடுவில் அது அமைந்தது தற்செயலல்ல, அங்கேதான் நோயாளிகள் கூடுதல். 2015 மார்ச்சில் ரயில் திரும்பவும் தலைமன்னார் வரை வந்தது. தோட்டவெளியில் ஏறிய தாய்க்குக் குருநாகல் அதே பாதையில் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ சஞ்சிகையில் சாந்திமாலா டி சில்வா, டேவிட் வெதரால் முதலியோர் இலங்கைத் தலசீமியா பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். எந்நேரத்திலும் 2,000க்கு மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவைப்படும் என்றும், அதற்கு நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ 5 சதவீதம் போகும் என்றும் கணித்தார்கள். இலவச வைத்தியம் உள்ள நாட்டில் இது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரத்தம் தரும் இரும்பு

நமது மூத்தம்மாக்களின் காலத்தில் அந்த உம்மாவின் கேள்வி எழுந்திருக்காது. அப்போது அப்படிப்பட்ட பிள்ளை வளர்ந்து பருவம் அடைவதே அபூர்வம். கண்ணூறு என்பார்கள், ஓதிப் பார்ப்பார்கள், இசிம் கட்டுவார்கள். பிள்ளை சில வருடங்களில் மௌத்தாகிவிடும். அடுத்த பிள்ளைக்கும் அப்படியே ஆகலாம். வீட்டுக்கு ஒரு பெயரும் வந்துவிடும்.

ஒழுங்காக இரத்தம் ஏற்றத் தொடங்கிய பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதோடு புதிய பிரச்சினை ஒன்று வந்தது. ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்போ ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் இரும்பை வெளியேற்றும். மேலதிகமானதை வெளித்தள்ள வழியில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றும் பிள்ளையின் உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஈரலில் படிகிறது, இதயத்தில் படிகிறது. மூளையின் அடியில் கடலைப் பருப்பளவில் இருக்கும் கபச்சுரப்பியிலும் படிகிறது.

பிள்ளைப்பேறு பற்றிய கவலையின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெண் பிள்ளை பெரிய பிள்ளையாவதற்கும் ஆண் பிள்ளைக்கு மீசை முளைப்பதற்கும் கட்டளை கபச்சுரப்பியிலிருந்துதான் போக வேண்டும். இரும்பு அதைக் கெடுத்தால் கட்டளை போகாது. பருவம் தாமதிக்கும் அல்லது வராமலே போகும். பெரும்பாலும் சூலகமும் விதையும் உள்ளே இருக்கத்தான் செய்கின்றன, அவற்றை எழுப்புகிற ஓமோன்தான் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் ஓமோன் ஊசிகளால் பருவத்தைக் கொண்டுவரவும், பலருக்குக் கரு உண்டாக்கவும் வைத்தியர்களால் முடிகிறது.

ஆனால் கெடாமல் காப்பதே மேல். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்பெரல் என்ற மருந்து 1960களில் வந்தது. 1970களில் அதை ஒரு சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில் மெல்ல மெல்லச் செலுத்தும் முறை வந்தது. ஒரு இரவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம், கிழமைக்கு ஐந்தாறு இரவுகள். பிறகு வாயால் எடுக்கும் மருந்துகளும் வந்தன. 1990களின் நடுவில் டெஃபெரிப்ரோன் இந்தியாவில் முதலில் விற்பனைக்கு வந்தது. 2005இல் அமெரிக்காவில் டெஃபெராசிரொக்ஸுக்கு அனுமதி கிடைத்தது.

ஆகவே அந்த உம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “உங்கட கேள்விக்கு விடை நீங்க ராவைக்குப் போடுற பம்புல இருக்கு. பிள்ளை அழுதாலும், ‘இண்டைக்கு ஒரு நாள் வாணாம் உம்மா’ண்டு கெஞ்சினாலும், விடாமப் போடுங்க. பத்து வயசுல நீங்க காக்கிறது அவட இருபத்தைஞ்சு வயச. டொக்டர்ட்ட வெக்கப்படாமக் கேளுங்க. வளர்ச்சியையும் ஓமோனையும் அவங்க பார்க்கணும்.” தலசீமியாவோடு வாழும் பெண்கள் உலகெங்கும் தாயாகியிருக்கிறார்கள். அதற்கு முன் இதயத்தையும் ஈரலையும் சோதிக்க வேண்டும், கர்ப்ப காலத்தில் மருந்துகளை மாற்ற வேண்டும். கடினம்தான், ஆனால் முடியாததல்ல.

துபாயில் ஒரு பெற்றோர் எடுத்த முடிவு

நோயை முற்றாக மாற்றும் வழி என்புமச்சை மாற்றீடு. 1980களின் தொடக்கத்திலிருந்து அது செய்யப்படுகிறது. பொருத்தமான சகோதரர் வேண்டும், செலவும் ஆபத்தும் உண்டு. இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். புதிய மச்சைக்கு இடம் பண்ணுவதற்காகக் கொடுக்கும் கடும் மருந்து சூலகத்தையும் விதையையும் கெடுக்கக்கூடும். பிள்ளையின் உயிரைக் காக்கும் சிகிச்சையே அதன் பிள்ளைப்பேற்றைப் பறிக்கலாம்.

துபாயைச் சேர்ந்த தலசீமியாச் சிறுமி ஒருவருக்கு 2001இல் இலண்டனில் என்புமச்சை மாற்றீடு நடந்தது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. அதற்கு முன் அவருடைய ஒரு சூலகம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எடுக்கப்பட்டு உறைநிலையில் வைக்கப்பட்டது. இதனால் பலன் வரும் என்று அப்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2015இல் அத்திசுவின் துண்டுகள் டென்மார்க்கில் திரும்ப அவருடைய உடம்பில் பொருத்தப்பட்டன. நின்று போயிருந்த ஓமோன் திரும்பச் சுரந்தது. 2016 டிசம்பரில் இலண்டனில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பருவமடைவதற்கு முன்பே உறைய வைத்த சூலகத் திசுவால் தாயான முதற்பெண் என்று அப்போது உலகச் செய்திகள் கூறின.

மார்க்க ரீதியாக இதில் தெளிவான ஒரு கோடு உண்டு. 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி, இன்னொருவரின் சூலகத்தையோ விதையையோ பொருத்துவதைத் தடுத்தது. அவை கொடுத்தவரின் பரம்பரைப் பண்பைக் கடத்துகின்றன என்பதே காரணம். துபாய்ப் பெண்ணின் விடயம் அப்படியல்ல, அவருடைய திசு அவருக்கே திரும்பியது. இந்த வசதி தோட்டவெளியில் நிற்கும் தாய்க்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம். ஆனால் மாற்றீட்டுக்காக இந்தியாவுக்கோ வேறு நாட்டுக்கோ பிள்ளையைக் கொண்டுபோகும் நம் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். சிகிச்சை முடிந்த பின் கேட்டுப் பயனில்லை.

ஊரில் கேட்கப் பயம்

இனி அந்த உம்மாவின் பயத்துக்கு வருவோம்.

காவியும் காவியும் கலியாணம் கட்டினால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு பிள்ளைக்கு நோய் வர இடமுண்டு, நாலில் இரண்டு பங்கு காவியாக, ஒரு பங்கு எதுவுமில்லாமல். தலசீமியா நோயாளி ஒருவர், காவியல்லாத ஒருவரைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைகள் எல்லாரும் காவிகள். நோயாளி ஒருவரும் இல்லை. காவியைக் கட்டினால் இரண்டில் ஒரு பங்கு நோய். ஆகவே அந்தச் சிறுமிக்கு நாளை வரப்போகும் மாப்பிள்ளை காவியா இல்லையா என்பதே பெரிய விடயம். அவளுடைய கையில் இல்லாத விடயமும் அதுதான்.

நமக்குள் மச்சான், மச்சி முறையில் கட்டுவது வழக்கம். ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்வதும் வழக்கம். அது ஹலால். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களே தம் மாமி மகள் ஸைனப் (ரலி) அவர்களை மணந்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு காவி வெளியாள் ஒருவரைக் கட்டினால் அவரும் காவியாக இருக்க நூற்றுக்குச் சுமார் இரண்டு வாய்ப்பு. சொந்த மாமா மகளையோ சாச்சா மகளையோ கட்டினால் அது எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல். இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் நெருங்கிய உறவுத் திருமணத்தால் பிள்ளை மெலியும் என்ற கூற்றொன்றைச் சேர்த்திருக்கிறார். அது நபிமொழியாக உறுதிப்படவில்லை என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறிவிட்டார்கள். அதை வைத்து மச்சான் கலியாணத்தைத் தடுக்க வேண்டியதில்லை. சோதித்துவிட்டுக் கட்டச் சொன்னால் போதும்.

ஆதாரமுள்ள ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. தன் மனைவி கறுப்பான பிள்ளை பெற்றாள் என்று சந்தேகத்தோடு ஒரு கிராமவாசி வந்தார். அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை நபியவர்கள் விசாரித்தார்கள். சிவப்பு ஒட்டகங்களுக்குள் சாம்பல் நிறக் கன்று எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஏதோ ஒரு மூதாதை நரம்பு இழுத்திருக்கும் என்றார் அவர். உம்முடைய பிள்ளையும் அப்படியாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பரம்பரையில் ஒளிந்திருக்கும் ஒன்று பின்னொரு நாள் வெளிப்படலாம் என்ற உண்மை அதில் உண்டு. அதைவிட முக்கியம், அந்த உண்மையைக் கொண்டு ஒரு தாயின் மீதிருந்த பழியை நபியவர்கள் நீக்கியது.

நம் ஊர்களில் நடப்பது என்ன? நோயுள்ள பிள்ளை பிறந்தால் “அவட பக்கத்துல இருக்கு” என்று மருமகளின் தலையில் பழி விழுகிறது. நாலில் ஒன்று என்ற கணக்கில் பாதி வாப்பாவுடையது என்பதை யாரும் சொல்வதில்லை. “அந்த வீட்டுல வருத்தம் இருக்கு” என்ற பேச்சு கிளம்பினால் சுகமான அக்காவின் சம்பந்தமும் நின்றுபோகிறது. அதனால் வீட்டார் மறைக்கிறார்கள். மறைப்பதால் சித்தப்பா மகனும் மாமி மகளும் சோதிக்காமல் கட்டுகிறார்கள். அடுத்த பிள்ளை பிறக்கிறது. நோயைப் பரப்புவது பரம்பரை அலகு மட்டுமல்ல, நமது வாயும்தான்.

மறைப்பதைப் பற்றி உமர் (ரலி) அவர்களின் ஒரு செய்தி உண்டு. பிள்ளைப்பேறு இல்லாத ஒருவர் கலியாணம் செய்திருந்தார். அதைப் பெண்ணிடம் சொன்னீரா என்று உமர் கேட்டார்கள். இல்லை என்றார். போய்ச் சொல்லும், பிறகு அவளை முடிவெடுக்க விடும் என்றார்கள். கலியாணத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லச் சொன்னார்கள்.

மற்றவர்கள் செய்தது

சைப்பிரசுத் தீவில் துருக்கிய முஸ்லிம்கள் 1980இல் கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையைச் சட்டமாக்கினார்கள். கிரேக்கப் பக்கத்தில் 1983இல் திருச்சபை அதற்கான சான்றிதழைக் கேட்கத் தொடங்கியது. புதிய நோயாளிகள் பிறப்பது மிகவும் குறைந்தது. ஈரான் 1997இல் நாடு முழுவதும் அதைக் கொண்டுவந்தது. முதலில் மாப்பிள்ளையைச் சோதிப்பார்கள், அவரிடம் அடையாளம் இருந்தால் மட்டும் பெண்ணை. சவூதி அரேபியா 2004இல் கட்டாயமாக்கியது. இவற்றில் எங்கும் பரிசோதனையின் பெயரால் கலியாணத்தைத் தடுப்பதில்லை. அறிந்து முடிவெடுக்கச் செய்கிறார்கள்.

கரு உண்டான பிறகு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. 1990 பெப்ரவரியில் மக்காவின் ஃபிக்ஹ் சபை, குணப்படுத்த முடியாத கடும் குறை வைத்தியக் குழுவால் உறுதியானால் 120 நாட்களுக்கு முன் கருவைக் கலைக்க இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காக்க மட்டுமே அதை அனுமதிக்கிறது. ஆகவே இங்கே நமக்குத் திறந்திருக்கும் வாசல் கலியாணத்துக்கு முந்தியதுதான்.

அந்த வாசல் பெரிய செலவுள்ளதல்ல. முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. சிவப்பணு சிறிதாகவும் வெளிறியும் இருந்தால் இரும்புக் குறைவா, தலசீமியாக் காவியா என்று பிரித்தறிய ஹீமோகுளோபின் பரிசோதனை. வாழ்நாளில் ஒரு தடவை போதும்.

நிகாஹுக்கு வலி யார், மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று பேசுகிறோம். பேச்சுக்கால் தொடங்கு முன்பே, பொடியனும் பிள்ளையும் படிக்கிற வயதிலேயே, இரத்தத்தைப் பார்த்து வைப்பதை நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கதீப்மாரும் ஒரு வழக்கமாக்கலாம். பேச்சு முற்றிய பிறகு சோதித்தால் ஒரு பெண்ணின் மானம் தெருவுக்கு வரும். முன்பே சோதித்தால் அது வீட்டுக்குள் இருக்கும் ஒரு காகிதம் மட்டுமே. குத்பாவில் ஒரு தடவை இமாம் “நானும் பார்த்துவிட்டேன்” என்று சொன்னால் பத்துச் சுவரொட்டியைவிடப் பலன் கூட.

யாருக்குப் பிள்ளை, யாருக்கு இல்லை என்பது அல்லாஹ்வின் நாட்டம் என்று சூரா ஷூரா சொல்கிறது. அந்த நாட்டத்தை நாம் அறியோம். நம் பங்கைச் செய்வது நம் கடமை. அந்த உம்மா தன் பங்கை ஒவ்வொரு இரவும் செய்கிறார். பிள்ளை உறங்கிய பின் ஊசியைச் சரிபார்த்து, பம்ப் ஓடுகிறதா என்று நடுச்சாமத்தில் எழும்பிப் பார்க்கிறார். இன்னும் பதினைந்து வருடத்தில் அவர் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை தேடுவார். அப்போது அந்த மாப்பிள்ளையின் உம்மா வாப்பா, தயங்காமல், தங்கள் மகனின் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக் காட்டுபவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் இப்போது நமது ஊர்களில்தான், அந்தப் பையனை மதரசாவுக்கு அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள்.